பச்சிளங்குழந்தையின் யூரிட்டர் அறுந்தால்: உடனே தைப்பதா, வடியவிட்டுக் காத்திருப்பதா?

மார்ச் 2, இரவு 9:10 | இழையைத் தொடங்கியவர்

முதல் மாதத்தில் யூரிட்டருக்கு (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டுவரும் குழாய்) என்ன சேதம் வந்தாலும் அதை வயிற்றுத் தோலில் திறந்துவிட வேண்டும், ஒரு வயது தாண்டிய பிறகுதான் சீரமைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வால் எலும்பை ஒட்டிய டெரடோமா என்ற பிறவிக் கட்டி இடுப்புக்குள் ஏறியிருக்கிறது, அதை எடுக்கும்போது கீழ் யூரிட்டர் அறுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயிறு ஏற்கெனவே திறந்திருக்கிறது, திசு புதிது, தொற்று இல்லை. அப்போதே சிறுநீர்ப்பைச் சுவருக்குள் யூரிட்டர் சிறிது தூரம் ஓடும்படி முறையாகச் சுரங்கம் போட்டுப் பொருத்திவிட்டால் ஒரே மயக்கத்தில் வேலை முடிந்துவிடுமே? ஏன் தள்ளிப்போட வேண்டும்?

மார்ச் 2, இரவு 10:45 | குழந்தை யூராலஜி

நீங்கள் கேட்டதில் பாதி சரி. அறுந்ததை அறுவை மேஜையிலேயே கண்டுவிட்டால் மேஜையிலேயே ஏதாவது செய்தாக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "முறையாகச் சுரங்கம் போட்டு" என்ற இடத்தில் நிற்கிறேன்.

இரண்டு விதமான யூரிட்டர்களை ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். ஒன்று, 3 முதல் 4 மி.மீ. அகலமுள்ள இயல்பான யூரிட்டர், அறுவையின்போது அறுந்தது அல்லது நசுங்கியது. இன்னொன்று, பிறவியிலேயே அடைபட்டு 10 அல்லது 15 மி.மீ. வரை வீங்கிக் கிடப்பது. தோலில் திறந்து ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு. முதல் வகைக்கு அதையே விதியாக்கினால் குழந்தைக்கு நல்லதில்லை. அதற்கான காரணத்தைத் தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 2, இரவு 11:30 | குழந்தை யூராலஜி

முதலில் சுரங்கக் கணக்கு. சிறுநீர் மேலே திரும்பாமல் இருக்க, சிறுநீர்ப்பைச் சுவருக்குள் யூரிட்டர் ஓடும் நீளம் அதன் அகலத்தைப்போல் 5 மடங்கு இருக்க வேண்டும் என்று 1959-இல் பாக்வின் சொன்னார். இன்றும் எல்லோரும் அந்த 5-க்கு 1-ஐத்தான் பிடித்துக்கொள்கிறோம்.

3 கிலோ குழந்தையின் சிறுநீர்ப்பைக் கொள்ளளவு கிலோவுக்கு 7 மி.லி. என்றால் சுமார் 21 மி.லி. அதை ஒரு உருண்டை என்று பாவித்தால் விட்டம் 3.4 செ.மீ., அதாவது ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவு. நிறைந்த நிலையில் இப்படி. நீங்கள் திறந்து விரித்துப் பிடிக்கும்போது சுருங்கி, சுவர் தடித்து, இன்னும் சிறியதாகிவிடும். 4 மி.மீ. யூரிட்டருக்கு 2 செ.மீ. சுரங்கம் வேண்டும், இழுத்துப் பிடித்தால் கிடைக்கும். 10 மி.மீ. யூரிட்டருக்கு 5 செ.மீ. வேண்டும். உருண்டையின் ஒரு முனையிலிருந்து எதிர்முனை வரை உட்சுவர் வழியாகப் போனாலே தூரம் 5.3 செ.மீ.தான். ஆக ஒரு பக்க யூரிட்டருக்கே பையின் பாதி வட்டம் போய்விடும். குறுக்கித் தைத்து 5 மி.மீ. ஆக்கினாலும் 2.5 செ.மீ. தேவை. அப்படிக் குறுக்கிய சுவர் தடித்து விறைப்பாக இருக்கும், சொன்னபடி மடங்காது.

முதல் வருடத்தில் சுரங்கம் போடத் தயங்குவதற்குப் பையின் அளவே முதல் காரணம். அடுத்தது, பையின் அடியிலுள்ள முக்கோணப் பகுதிக்குப் பின்னால் தோண்டும்போது சிறுநீர்ப்பைக்கு வரும் நரம்புகளுக்கு ஏற்படும் ஆபத்து. பச்சிளங்குழந்தையில் அந்த நரம்புப் பின்னல் கண்ணுக்குத் தெரியாது. இரு பக்கமும் பைக்கு வெளியிலிருந்து தோண்டினால் பை காலியாகாமல் தேங்கும் அபாயம் அதிகம். ஆறு மாதத்துக்குள் சுரங்கம் போட்டு நல்ல பலன் கண்ட குழுக்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது திட்டமிட்டு, பழகிய கை செய்யும் அறுவை. ரத்தம் இழந்து, உடல் குளிர்ந்து, கட்டி எடுத்து முடித்த நாலாவது மணி நேரத்தில் செய்கிற வேலை அல்ல.

மார்ச் 3, காலை 6:20 | மயக்கவியல்

அந்த நாலாவது மணி நேரத்தைப் பற்றி நானும் கொஞ்சம். 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தம் கிலோவுக்கு 80 முதல் 85 மி.லி. என்று பார்த்தால் 250 மி.லி. சுற்றி. 25 மி.லி. போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அது நாலைந்து துணித்துண்டு நனையும் அளவுதான். துணியை எடை போடாமல் கண்ணால் பார்த்து "கொஞ்சம்தான்" என்று சொல்லாதீர்கள்.

அறைச் சூடு 26 முதல் 28 டிகிரி. வயிற்றைக் கழுவும் உப்புநீர் உடல் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த குழந்தைக்கு ரத்தம் உறையாது, நீங்கள் மிக மெல்லிய 7-0 நூலில் போடும் தையலைச் சுற்றி ஊறிக்கொண்டே இருக்கும். யூரிட்டர் வேலைக்குக் கூடுதலாக 40 நிமிடம் கேட்டால் பெரும்பாலும் தர முடியும். இரண்டு மணி நேரம் கேட்டால், குழந்தையின் நிலையைப் பார்த்து மறுக்கவும் நேரும். அப்போது கையில் மாற்றுத் திட்டம் இருக்கட்டும்.

குறைமாதக் குழந்தையானால், கருவில் இருந்த வாரமும் பிறந்த பின் வந்த வாரமும் சேர்த்து 60 ஆகும் வரை, மயக்கம் தெளிந்த பிறகு மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. "சின்ன வேலைதான், ஸ்டென்ட் (யூரிட்டருக்குள் வைக்கும் மெல்லிய குழாய்) எடுக்க மட்டும்" என்று சொல்லும் இரண்டாவது மயக்கத்துக்கும் இரவு முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். எந்த ஸ்டென்ட் போடுவது என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

மார்ச் 3, காலை 8:05 | இழையைத் தொடங்கியவர்

சுரங்கக் கணக்கை இப்படி யாரும் போட்டுக் காட்டியதில்லை. சரி, சுரங்கம் வேண்டாம். அறுந்த இயல்பான யூரிட்டருக்கு மேஜையில் என்ன செய்வது? படிப்படியாகச் சொல்ல முடியுமா, சார்?

மார்ச் 3, இரவு 9:50 | குழந்தை யூராலஜி

எந்த இடத்தில் அறுந்தது, எவ்வளவு நீளம் போயிற்று, எதனால் போயிற்று. இந்த மூன்றும் தெரியாமல் தையல் ஊசியைக் கேட்காதீர்கள்.

கத்தரியால் சுத்தமாக அறுந்தது என்றால் நுனியைச் சிறிது சீவினால் போதும். கவ்வியில் நசுங்கியதோ கட்டு விழுந்ததோ என்றால், கட்டை அவிழ்த்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஈரத்துணி போட்டு வையுங்கள். நிறம் இளஞ்சிவப்பாகத் திரும்பி, புழுபோல் அலை ஓடினால் உள்ளே ஸ்டென்ட் மட்டும் போதும். கருநீலமாகவே நின்றால் அந்தத் துண்டு போக வேண்டும். மின்சூட்டில் பட்டது என்றால் கண்ணுக்குத் தெரியும் எல்லையை நம்பவே கூடாது. இன்று வெள்ளையாகத் தெரியும் 2 மி.மீ.க்கு அப்பாலும் திசு வெந்திருக்கும், 7 முதல் 10 நாளில் பிய்ந்து ஒழுகும். நல்ல ரத்தம் கசியும் விளிம்பு வரும்வரை சீவ வேண்டும்.

ரத்த ஓட்டம் வரும் பக்கத்தை மறக்காதீர்கள். மேல் யூரிட்டருக்கு ரத்தம் உள்பக்கத்திலிருந்து, அதாவது முதுகெலும்புப் பக்கமிருந்து வருகிறது. இடுப்புக்குள் இறங்கியதும் வெளிப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே மேலே வெளிப்பக்கமாகவும் கீழே உள்பக்கமாகவும் பிரிக்க வேண்டும். யூரிட்டரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில்தான் மேலும் கீழும் ஓடும் ரத்த நாளங்கள் இருக்கின்றன. அதை உரித்து வழுவழுவென்று "அழகாக"த் தெரியும்படி எடுத்தால், இணைப்பு ஆறாமல் சுருங்கிப்போவது ஏறக்குறைய உறுதி.

நடுப்பகுதியில் அறுந்து இரு முனையும் இழுக்காமல் சேர்ந்தால், முனையோடு முனை இணைப்பு. 2.5 அல்லது 3.5 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) கட்டாயம். முதலில் இரு முனையிலும் 7-0 நூலில் ஒவ்வொரு பிடிதையல், முன்பக்கம் எது என்று தெரியும்படி. இது இல்லாமல் யூரிட்டர் எப்போது முறுக்கிக்கொண்டது என்றே தெரியாது. ஃபோர்செப்ஸால் உள்சவ்வைப் பிடிக்கவே கூடாது, பிடிதையலை வைத்தே திருப்ப வேண்டும். இரு முனையிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் 5 முதல் 8 மி.மீ. நீளவாக்கில் பிளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ. வட்டத்தை அப்படியே வட்டமாகத் தைத்தால் ஆறும்போது சுருங்கி 1 மி.மீ. ஆகிவிடும். பிளந்து சாய்வாகத் தைத்தால் அந்த வடு வளையமாகாது.

தையல், கரையக்கூடிய 6-0 அல்லது 7-0. முதல் ஊசி ஒரு முனையின் பிளவுக் கோணத்திலிருந்து எதிர்முனையின் நுனிக்கு, முடிச்சு வெளியே. பின்சுவரை முடித்துவிட்டு ஸ்டென்டை ஓட்டுங்கள், பிறகு முன்சுவர். மொத்தம் 6 முதல் 8 தனித்தனித் தையல்கள். அதற்குமேல் போட்டால் நீர் புகாது, ரத்தமும் புகாது. கரையாத நூல் எதையும் உள்ளே விடாதீர்கள், அதன்மேல் கல் படியும்.

டிரெய்ன் (வயிற்றுக்குள் கசியும் நீரை வெளியேற்றும் குழாய்) இணைப்பின் மேல் உட்காரக் கூடாது, பக்கத்தில் 1 செ.மீ. தள்ளி இருக்கட்டும், உறிஞ்சும் பல்ப் இல்லாமல். உறிஞ்சினால் தையல் இடைவெளி வழியாகச் சிறுநீரை நாமே இழுத்துக்கொண்டிருப்போம், கசிவு மூடாது. சிறுநீர்ப்பையில் தனிக் குழாய்.

மார்ச் 3, இரவு 10:25 | குழந்தை யூராலஜி

விட்டுப்போனது: கீழ்ப்பகுதி. சிறுநீர்ப்பையிலிருந்து 2 செ.மீ.க்குள் அறுந்திருந்தால் முனையோடு முனை தைக்காதீர்கள். கீழ்த்துண்டுக்கு ரத்தம் நம்பகமில்லை, குழிக்குள் கைபோவதும் சிரமம். சுரங்கம் இல்லாமல் நேரடியாகச் சிறுநீர்ப்பையின் மேல்பக்கவாட்டுச் சுவரில் 1 செ.மீ. திறந்து, பிளந்த யூரிட்டரை அங்கே தைத்துவிடுங்கள். சிறுநீர் திரும்பும், தெரிந்தேதான் செய்கிறோம். பச்சிளங்குழந்தையின் பை குறைந்த அழுத்தத்தில் அடிக்கடி காலியாகும்வரை அந்தத் திரும்புதலைத் தாங்கலாம், அடைப்பைத் தாங்க முடியாது. ஒரு வயதுக்குப் பிறகு தேவைப்பட்டால் அதே யூரிட்டரைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகலாம்.

எட்டவில்லை என்றால் சிறுநீர்ப்பையை முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசைக்கு இழுத்துத் தைக்கலாம். தையல் தசை நார் ஓடும் திசையிலேயே போகட்டும், ஆழம் 2 முதல் 3 மி.மீ. போதும். அதன்மேல் ஓடும் நரம்பை முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். பையிலிருந்து மடல் வெட்டிக் குழாயாக்கும் போவாரி முறை 21 மி.லி. பையில் வேண்டாம், மடல் போக எஞ்சும் பை போதாது. குறுக்கே கொண்டுபோய் மற்ற யூரிட்டரில் தைப்பதும் வேண்டாம், சேதமில்லாத மறுபக்கச் சிறுநீரகத்தையும் அடகு வைப்பது அது. குடலை வைத்து மாற்றுவது இந்த வயதில் பேச்சே இல்லை. குடல் சிறுநீரை உறிஞ்சி ரத்தம் அமிலமாகும், வளர்ச்சி நிற்கும்.

மார்ச் 4, காலை 7:15 | குழந்தை யூராலஜி

மார்ச் 2 குறிப்பில் தனியாக எழுதுவதாகச் சொன்னது. தோலில் திறக்கும் வாய், வீங்கிய யூரிட்டரில் நன்றாக வேலை செய்யும். 12 மி.மீ. குழாயைப் பிளந்து, முக்கோணத் தோல்மடலை அந்தப் பிளவுக்குள் செருகித் தைத்தால் வாய் சுருங்காது. 3 மி.மீ. யூரிட்டரைத் தசை, தோல் எல்லாம் தாண்டி வெளியே கொண்டுவந்தால் நுனிக்கு ரத்தம் போய்ச்சேராது. சில வாரத்தில் ஊசிமுனைத் துளையாகச் சுருங்கும், பிறகு மேலே வீங்கும். அடைப்பைத் தவிர்க்கச் செய்ததே அடைப்பாகிவிடும். அதோடு நீளத்திலும் 2 செ.மீ. போய்விடும், பின்னால் சீரமைக்கும்போது அது கிடைக்காது.

அப்படியானால் நேரம் இல்லாதபோது, குழந்தை தாங்காதபோது என்ன செய்வது? யூரிட்டரின் மேல்முனைக்குள் 3.5 அல்லது 5 ஃப்ரெஞ்ச் (டியூபின் தடிமன் அளவு) ஃபீடிங் டியூபை மேலே பெல்விஸ் (சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் புனல் பகுதி) வரை ஓட்டி, யூரிட்டர் நுனியைக் கரையும் நூலால் அதன்மேல் இதமாகக் கட்டி, டியூபைத் தனித் துளைவழியே வெளியே எடுத்துச் சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பையில் விடுங்கள். கீழ்முனையைக் கட்டிவிட்டு, இரு முனைக்கும் பக்கத்தில் அடையாளத் தையல் ஒன்று. பத்து நிமிட வேலை. குழந்தை தேறியதும் சில நாளில் திரும்பப் போகலாம். பெரியவர்களில் செய்வதுபோல மேல்முனையைக் கட்டிவிட்டு நெஃப்ரோஸ்டமி (தோல்வழியே சிறுநீரகத்துக்குள் நேராக வைக்கும் குழாய்) போடலாம் என்று நினைக்காதீர்கள். வீங்காத பச்சிளம் சிறுநீரகத்தில் ஊசி நுழைய இடமே இருக்காது.

மார்ச் 4, மாலை 4:40 | பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர்

டாக்டர், டியூப் வைத்து அனுப்பினால் பார்த்துக்கொள்வது நாங்கள். சில விஷயங்களை அறுவைக் குறிப்பிலேயே எழுதி அனுப்புங்கள்: எந்த டியூப் எங்கே இருக்கிறது, தோல் மட்டத்தில் எத்தனை செ.மீ. குறி, எது யூரிட்டர், எது டிரெய்ன், எது சிறுநீர்ப்பை. மூன்றும் ஒரே நிறத்தில் ஒரே பக்கமாக வந்தால் மூன்றாவது ஷிஃப்டில் கட்டாயம் குழப்பம் வரும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பிளாஸ்டர் இரண்டு இடத்தில் ஒட்டுகிறோம்.

டியூபில் வருவதை மணிக்கொரு முறை தனித்தனியாகக் குறிக்கிறோம். 3 கிலோ குழந்தைக்கு மொத்தம் மணிக்கு 3 மி.லி.யாவது வர வேண்டும். யூரிட்டர் டியூபில் திடீரென்று நின்றால் முதலில் வளைந்திருக்கிறதா, டயப்பருக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகுதான் அழைப்பது. நாங்களாகக் கழுவுவதில்லை.

வீட்டுக்கு டியூபோடு போகும் குழந்தைக்கு இரண்டு டயப்பர். உள் டயப்பரில் ஒரு துளை, டியூப் அதன் வழியே வந்து வெளி டயப்பருக்குள் வடியும். மலம் உள்ளேயே நிற்கும், டியூப் நுனியில் படாது. எடை பார்க்கவும் வசதி: 1 கிராம் கூடினால் 1 மி.லி.

மார்ச் 4, இரவு 9:30 | குழந்தை யூராலஜி

செவிலியர் மேடம் சொன்ன "நாங்களாகக் கழுவுவதில்லை" என்பதை அடிக்கோடிடுகிறேன். இந்தக் குழந்தையின் வீங்காத பெல்விஸ் 1 மி.லி. கூடக் கொள்ளாது. 5 மி.லி. சிரிஞ்சில் அழுத்தினால் சிறுநீர் பின்னோக்கி ரத்த நாளத்துக்குள் போகும், அதில் கிருமி இருந்தால் ஒரு மணி நேரத்தில் குழந்தை நடுங்கும் அல்லது உடல் சில்லிடும். கழுவ வேண்டியதாக இருந்தால் 0.5 மி.லி., மிக மெல்லிய அழுத்தத்தில், திரும்பி வருகிறதா என்று பார்த்து. வரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும்.

உள்ளே முழுவதும் இருக்கும் டபுள் ஜே ஸ்டென்ட் வேண்டுமா, வெளியே வரும் டியூப் வேண்டுமா என்று மயக்கவியல் சார் மறைமுகமாகக் கேட்டதற்கு: பச்சிளங்குழந்தைக்கு வெளியே வரும் டியூபே என் முதல் தேர்வு. 3 ஃப்ரெஞ்ச் டபுள் ஜேயின் வெளி விட்டமே 1 மி.மீ., உள்துளை அதற்கும் குறைவு. ஒரு ரத்தக்கட்டி போதும் அடைக்க, அடைத்ததும் நமக்குத் தெரியாது. வெளியே வரும் டியூபில் என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம், 7 முதல் 10 நாளில் படுக்கையிலேயே எடுக்கலாம், இரண்டாவது மயக்கம் இல்லை. டபுள் ஜே போட்டால் 10 அல்லது 12 செ.மீ. நீளம், 4 முதல் 6 வாரம், எடுக்க மீண்டும் மயக்கம். நூல் கட்டி வெளியே விடலாம்தான், டயப்பர் மாற்றும் ஒரு கை இழுத்துவிட்டால் போயிற்று.

மார்ச் 6, மதியம் 1:15 | இழையைத் தொடங்கியவர்

அறுந்ததை மேஜையில் யாருமே கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் நாள் வயிறு உப்புகிறது, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரில் போக வேண்டிய கழிவு) ஏறுகிறது. அப்போது?

மார்ச் 6, இரவு 11:05 | குழந்தை யூராலஜி

இங்கேதான் காத்திருப்பது சரி. வயிற்றுக்குள் சிறுநீர் தேங்கினால் வயிற்றின் உட்சவ்வான பெரிட்டோனியம் அதை உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஏறும், சோடியம் இறங்கும். இதைச் சிறுநீரகச் செயலிழப்பு என்று எண்ணி நீரைக் குறைத்தால் நிலைமை மோசமாகும்.

நீரைக் குத்தி எடுத்து கிரியேட்டினின் பார்ப்பதில் இரண்டு கண்ணிகள். பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தாயின் கிரியேட்டினின். இன்னொன்று, பச்சிளங்குழந்தையின் சிறுநீர் நீர்த்தது. பெரியவர்களில் பார்ப்பதுபோல ரத்தத்தைவிடப் பல பத்து மடங்கு வராது, வயிற்றில் நாள்கணக்காகத் தேங்கி உறிஞ்சப்பட்டு ரத்தத்தோடு சமனாகியும் இருக்கும். ஆகவே ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ இருந்தாலே சந்தேகப்படுங்கள், டிரெய்ன் போட்டபின் புதிதாக வடியும் நீரை மறுபடி அனுப்புங்கள். பொட்டாசியத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆறாம் நாளில் திறந்தால் திசு ஈரத்தாள்போல் இருக்கும், தையல் நிற்காது. முதலில் நீரை வடிக்க டிரெய்ன், சிறுநீர்ப்பையில் குழாய், கீழிருந்து ஸ்டென்ட் ஏறுமா என்று ஒரு முயற்சி. பாதி அறுந்திருந்தால் ஸ்டென்ட் ஒன்றிலேயே ஆறுவதுண்டு. முழுதாக அறுந்தோ கட்டுப்பட்டோ மேலே வீங்கியிருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்து நெஃப்ரோஸ்டமி: 5 அல்லது 6 ஃப்ரெஞ்ச் பிக்டெயில் (நுனி சுருண்ட குழாய்), குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, சிறுநீரகக் கீழ்ப்பகுதியின் பின் கேலிக்ஸ் (பெல்விஸுக்குள் திறக்கும் சிறு கிண்ணம்) வழியாக. பெல்விஸுக்குள் நேராகக் குத்தினால் டியூப் நிற்காது. பிறகு 6 வாரமாவது விட்டு, வீக்கமும் சிவப்பும் வடிந்தபின் சீரமைப்பு.

மார்ச் 6, இரவு 11:20 | குழந்தை யூராலஜி

கசிவைத் தேடச் சாயம் போடுவது பற்றி மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். மெதிலீன் நீலத்தைப் பச்சிளங்குழந்தைக்கு நரம்பு வழியே ஏற்றாதீர்கள். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று அப்போது தெரிந்திருக்காது, சிவப்பணு உடையும். அளவு கூடினால் ஆக்சிஜனைச் சுமக்காத மெத்ஹீமோகுளோபினும் ஏறும். பெல்விஸிலோ யூரிட்டரிலோ 24 நம்பர் ஊசியால் மிகச் சிறிதளவு வெதுவெதுப்பான உப்புநீரை மெல்ல விட்டு, லூப் வழியே பாருங்கள். எங்கே ஈரம் துளிர்க்கிறதோ அங்கே ஓட்டை.

மார்ச் 8, காலை 10:00 | கதிரியக்கவியல்

பிறவி அடைப்புள்ள, வீங்கிய யூரிட்டரைப் பற்றி முன்பு பேசினீர்கள். எப்போது கை வைப்பது? எங்களிடம் 48 மணி நேரத்துக்குள் அல்ட்ராசவுண்ட் கேட்டு வருகிறார்கள். அந்த நேரத்தில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவு, வீக்கம் குறைவாகத் தெரியும். இரு பக்கமும் வீங்கியது, ஒற்றைச் சிறுநீரகம், கருவில் நீர் குறைந்தது, இவை தவிர மற்றவர்களுக்கு 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். ரீனோகிராமுக்கும் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, எப்படி வடிகிறது என்று காட்டும் ஸ்கேன்) 4 முதல் 6 வாரம் பொறுங்கள். பிறந்தபோது சிறுநீரகம் வடிகட்டும் வேகம் பெரியவர்களின் அளவில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே, இரண்டு வாரத்தில்தான் இரட்டிக்கிறது. அவசரமாக எடுத்தால் "வடியவில்லை" என்று வருவது அடைப்பினாலா, முதிராத சிறுநீரகத்தினாலா என்று சொல்ல முடியாது. ஸ்கேனின்போது சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு கிலோவுக்கு 1 மி.கி., சிறுநீர்ப்பையில் குழாய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்த பையே அடைப்பாகத் தெரியும்.

மார்ச் 8, இரவு 10:10 | குழந்தை யூராலஜி

நன்றி சார். 30 வாரக் கரு முதல் 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் வீங்கிய யூரிட்டர் என்கிறோம். அதில் பெரும்பாலானவை தானாகவே சுருங்கும். பிரிட்டிஷ் குழந்தை யூராலஜி சங்கத்தின் 2014 கருத்தொருமைப்பாடும் முதலில் கவனித்திரு என்றுதான் சொல்கிறது. மொத்தச் சிறுநீரக வேலையில் அந்தப் பக்கச் சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்து வீக்கமும் பெரிதாக இருந்தாலோ, அடுத்தடுத்த ஸ்கேனில் பங்கு குறைந்தாலோ, காய்ச்சலோடு தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ மட்டும் கை வைக்கிறோம். ஒரு வயதுக்குள் கை வைக்க நேர்ந்தால் ஸ்டென்ட், அல்லது நேரடியாகப் பையில் சுரங்கமில்லா இணைப்பு, அல்லது தோலில் வாய். அந்த வாய் இங்கே பொருந்தும், மார்ச் 4 காலைக் குறிப்பில் சொன்ன காரணத்தால். டயப்பருக்குள் வரும்படி அடிவயிற்றில் தாழ்வாக வையுங்கள்.

அதுவரை இரவில் ஒருவேளை தடுப்பு மருந்து: ட்ரைமெத்தோப்ரிம் தனியாக கிலோவுக்கு 2 மி.கி. சல்ஃபா மருந்து கலந்ததை முதல் ஆறு வாரம் தொடாதீர்கள், அது பிலிருபினை (மஞ்சள் காமாலை நிறமி) இடம்பெயர்த்து மூளைக்கு அனுப்பும்.

மார்ச் 8, இரவு 10:18 | குழந்தை யூராலஜி

இன்னொன்று, ரொம்ப முக்கியம். ஆண் குழந்தை, இரு யூரிட்டரும் வீக்கம், பைச்சுவர் தடிப்பு என்றால் யூரிட்டரைத் தொடாதீர்கள். தடை பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே உள்ள பின்புற வால்வு என்ற சவ்வு மடிப்பில். குழாய் போட்டு வடியவிட்டு, வால்வை எரித்தால் பல யூரிட்டர்கள் மாதக்கணக்கில் தாமாகவே இறங்கும். வடியத் தொடங்கிய முதல் நாட்களில் சிறுநீர் கொட்டும், சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) பாருங்கள்.

மார்ச் 11, காலை 6:50 | இழையைத் தொடங்கியவர்

என் முதல் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். "உடனே செய்" என்பது சரி, "சுரங்கத்தோடு செய்" என்பது தவறு. கடைசியாக ஒரு சந்தேகம்: சுரங்கமில்லாமல் பொருத்திய குழந்தைக்கு டியூப் எடுத்த பிறகு எப்போது, எதைப் பார்ப்பது?

மார்ச் 11, இரவு 9:15 | குழந்தை யூராலஜி

டியூபை எடுப்பதற்கு முந்தைய நாள் மெல்ல மூடி வைத்துப் பாருங்கள். காய்ச்சல், விலாப்பக்க வீக்கம், டிரெய்னில் அதிகரிப்பு மூன்றும் இல்லை என்றால் எடுக்கலாம். டிரெய்ன் கடைசியாக வரட்டும். டியூப் எடுத்த மறுநாளும் டிரெய்னைப் பாருங்கள்; அன்று அதில் எதுவும் வராவிட்டால் அதற்கடுத்த நாள் அதை எடுங்கள். இதை மாற்றிச் செய்துவிட்டால், கசிவு வந்தால் போக வழி இருக்காது.

அல்ட்ராசவுண்ட் ஒரு வாரத்தில், பிறகு 4 முதல் 6 வாரத்தில். முதல் ஸ்கேனில் லேசான வீக்கம் தெரிந்தால் கலங்க வேண்டாம், இணைப்பு வீங்கியிருக்கும். இரண்டாவதில் கூடியிருந்தால்தான் கவலை. ரீனோகிராம் 3 மாதத்தில். யூரிட்டர் சுருங்கும்போது பெரும்பாலும் குழந்தை அழாது, காய்ச்சலும் வராது, எடையும் ஏறும். சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கும். ஆகவே குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று 3 மாத ஸ்கேனைத் தள்ளிப்போடும் பெற்றோருக்கு, டிஸ்சார்ஜ் தாளில் தேதியையே எழுதிக் கொடுங்கள்.

மார்ச் 12, காலை 7:40 | குழந்தை யூராலஜி

மார்ச் 4 குறிப்பில் "3.5 அல்லது 5 ஃப்ரெஞ்ச்" என்று பொதுவாக எழுதிவிட்டேன். 5 ஃப்ரெஞ்ச் என்பது 1.7 மி.மீ. 3 மி.மீ. வெளி விட்டமுள்ள யூரிட்டரில் உள்துளை அதைவிடச் சிறிதாகவும் இருக்கலாம். எதிர்ப்பு தெரிந்தால் திருகி ஏற்றாதீர்கள், 3.5-க்கு இறங்குங்கள். இறுக்கமாக ஏறிய டியூபைச் சுற்றிச் சுவர் வெளுத்திருந்தால் அது ரத்தம் போகாததன் அடையாளம். டியூபின் நுனித் துளைகள் அனைத்தும் பெல்விஸுக்குள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஒன்று இணைப்புக்கு நேராக நின்றால் அங்கேதான் ஒழுகும்.